வாலை வடிநீரும் வீட்டுக் குடமும்

சென்ற ஆண்டு பள்ளி விழாவின் விற்பனைக் கடைக்காக நாங்கள் வெள்ளை ஃபினாயில் தயாரித்தோம். காம்பவுண்டை விடுதியின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றிக் கலக்கினோம். பாலாய் வெளுக்க வேண்டியது, எலுமிச்சை பிழிந்த பாலாய்த் திரிந்தது. மேலே எண்ணெய்ப் படலம், கீழே கசடு. ஆய்வகத்திலிருந்து கேட்டு வாங்கிய இரண்டு லிட்டர் வாலை வடிநீரில் கலந்தது மட்டும் வெள்ளைவெளேரென்று நின்றது. அன்று பிடித்தது எங்கள் வகுப்பிற்கு 'டிஸ்டில்டு வாட்டர்' பைத்தியம்! இனி ஷாம்பு, பன்னீர், முகப்பூச்சு எதுவானாலும் அதில்தான் செய்வது என்று ஒரு கட்சியே கிளம்பிவிட்டது. இதைப் பற்றி எங்களுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. அதை இம்மலரில் கூற விழைகிறோம்.

முதலில் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். நமது மாவட்டத்து நிலத்தடி நீர் பாறை இடுக்குகளில் ஊறி வருவது. கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதில் மிகுதி. சோப்பு இவ்வுப்புகளுடன் சேர்ந்தால் நுரைக்காது, திரிந்து அழுக்காய்ப் படியும். ஃபினாயிலுக்கும் நேர்ந்தது அதுவே. திரவ சோப்பு கலங்குவதும், இஸ்திரிப் பெட்டியின் நீராவித் துளை அடைபடுவதும் இதே காரணத்தால்தான். இப்படிப்பட்ட இடங்களில் வாலை வடிநீர் நல்ல பலன் தரும் என்பதை மறுப்பதற்கில்லை. 'வாலை' என்ற சொல்லும் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவர்கள் ஓமத் தீநீர் இறக்கும் பாத்திரத்தின் பெயர் அது.

ஆனால் சீயக்காய்க்கு எதற்கு வடிநீர்? சோப்பைப்போல் சீயக்காய் உப்புத் தண்ணீரோடு சண்டைக்குப் போவதில்லை. நம் பாட்டிமார் கிணற்றடியிலேயே அதைக் குழைத்துத் தேய்த்து, முழங்கால் தொடும் கூந்தல் வளர்த்தார்கள். அன்றன்றே அரைத்து அன்றன்றே கழுவிவிடும் கடலைமாவுப் பூச்சுக்கும் குழாய்த் தண்ணீர் போதும்.

வடிநீரில் செய்த பண்டம் கெடாது என்பது இன்னொரு தப்பெண்ணம். எங்களில் ஒருத்தி வடிநீரில் ரோஜா இதழ்களை ஊறவைத்துப் பன்னீர் என்று புட்டியில் அடைத்து அலமாரியில் வைத்தாள். இரண்டே வாரத்தில் பூஞ்சை மிதந்தது. வடிப்பதால் நீங்குவது உப்பு. புட்டியைத் திறந்தபின் காற்றோடும் கையோடும் வரும் கிருமியை வடிநீர் என்ன செய்யும்? கொஞ்சமாகச் செய்து, குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களில் தீர்த்துவிடுவதே புத்திசாலித்தனம். பேட்டரிக்கென்று பெட்ரோல் பங்கில் விற்கும் தண்ணீரை வாங்கி முகத்தில் பூசுவோரும் உளர். அது மின்கலத்துக்கென்று தயாரித்தது, முகத்துக்கென்று அன்று.

"நம் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதே, பல்லைக் கெடுப்பது முகத்தைக் கெடுக்காதா?" என்று ஒரு தோழி கேட்டாள். கேள்வி நல்ல கேள்விதான். ஆயினும் ஃப்ளோரைடு தோல் வழியே சென்று தீங்கு செய்வதில்லை. வாய் வழியே செல்வதுதான் அபாயம். 1937ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் மாவட்டத்தில் ஷார்ட் முதலிய மருத்துவர்கள் இந்நோயைக் கண்டு எழுதினார்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதை மீறிய கிணறுகள் பென்னாகரம், பாலக்கோடு பக்கங்களில் பல. ஈறுக்குள் பல் உருவாகும் இளம் பருவத்திலேயே கறை விழுந்துவிடுகிறது. பிறகு எந்தப் பற்பொடியும் அதைத் தேய்த்துப் போக்க முடியாது. பல்லாண்டு குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். நம் வகுப்பிலேயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் தோழியர் இல்லையா?

பெற்றோர்கள் இங்கே சற்றுக் கவனிக்க வேண்டுகிறோம். "நாங்கள் கொதிக்க வைத்துத்தான் கொடுக்கிறோம்" என்று பல தாய்மார் சொல்கிறார்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகிச் சுண்டச் சுண்ட, மிஞ்சிய தண்ணீரில் அதன் அளவு கூடவே செய்யும். காய்ச்சுவது வேறு, வடிப்பது வேறு.

அப்படியானால் குடிநீரையும் வடித்துவிடலாமே என்பீர்கள். பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே கிண்ணம் வைத்து, மூடியைக் கவிழ்த்து அதன்மேல் குளிர்ந்த நீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகச் சேரும். செய்து பார்த்தோம். கணக்கும் போட்டோம். 30 டிகிரித் தண்ணீர் ஒரு கிராமைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 கலோரி போதும். அதை ஆவியாக்க மேலும் 540 கலோரி வேண்டும். ஒரு குடும்பத்தின் குடிநீரை இப்படி வடித்தால் சமையல் எரிவாயு என்ன ஆவது?

இதற்காகத்தான் காவிரித் தண்ணீர் வருகிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் திட்டமிட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 2013இல் திறப்பு விழா நடந்தது. ஃப்ளோரைடு நோயைத் தடுப்பதும் அத்திட்டத்தின் பெயரிலேயே உண்டு. அப்படியிருந்தும் சில வீடுகளில் என்ன பார்க்கிறோம்? ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் அதைத் துணி துவைக்கப் பிடிக்கிறார்கள், நுரை நன்றாக வருகிறதாம்! சோறு வடிக்கவும் தம்பிக்குக் கஞ்சி காய்ச்சவும் போர் தண்ணீர். அக்காள் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து வடிநீர் வாங்கும் வீட்டில், தம்பியின் பால் பல் விழுந்து புதுப்பல் கறையோடு முளைக்கிறது. இந்த வரிசை தலைகீழ் என்பதே எங்கள் கட்சி. நல்ல தண்ணீர் முதலில் சின்னப் பிள்ளையின் தம்ளருக்கும் உலைப்பானைக்கும் போகட்டும். முகத்துக்கும் தரைக்கும் அதன் பிறகு பார்க்கலாம்.

ஃபினாயிலை நாங்கள் கைவிட்டுவிடவில்லை. மழையும் வானம் வடித்துத் தரும் நீர்தானே! 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் எங்கள் விடுதிக் கூரையில் இன்னும் இருக்கிறது. ஐப்பசியில் முதல் மழையைக் கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் நான்கு டிரம் பிடித்து, வேட்டித் துணியால் வடிகட்டி வைத்தோம். காம்பவுண்டு திரியவே இல்லை. அருட்சகோதரியரும் முகர்ந்து பார்த்துச் சரி என்று சொல்லியாயிற்று. இவ்வாண்டு விழாவில் வாங்க வரும் பெற்றோர்கள் காலிப் புட்டி கொண்டுவந்தால் சௌகரியம்.