களி ஊரில் ஒரு கிண்ணம் சொதி

‘உங்க ஊர்ல என்ன ஸ்பெஷல்?’ என்று தருமபுரிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒகேனக்கல் மீன், கேழ்வரகுக் களி, மாம்பழம் என்று வரிசையாகச் சொல்வார்கள். சொதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்தின் சில தெருக்களில் தினமும் சொதி கொதித்துக்கொண்டுதான் இருக்கிறது.

நாகாவதி அணை, தும்பலஅள்ளி அணை போன்ற இடங்களில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்கள்தான் அந்தத் தெருக்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு அலை அலையாகப் படகேறியவர்கள் ராமேஸ்வரம் கரையில் இறங்கினார்கள். மண்டபம் முகாமில் பதிவு முடிந்ததும் மாவட்டம் மாவட்டமாக அனுப்பப்பட்டார்கள். கடலையே பார்த்து வளர்ந்த பலருக்குக் கிடைத்தது, கடலே இல்லாத தருமபுரி!

நியூயார்க்கில் ‘லிட்டில் இத்தாலி’ என்று ஒரு பகுதி உண்டு. இத்தாலியிலிருந்து பிழைக்கப் போனவர்கள் குடியேறிய மல்பெரி தெருவுக்கு இன்று உலகமே சாப்பிடப் போகிறது. மீட்பால் போட்ட ஸ்பகெட்டியை இத்தாலிய உணவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது அமெரிக்காவுக்குப் போன இத்தாலியர்கள் அங்கே உருவாக்கியது. சொந்த ஊரில் அரிதாகக் கிடைத்த இறைச்சி, போன ஊரில் மலிவாகக் கிடைத்ததன் விளைவு. ஈழத்தமிழர்களுக்கும் அப்படித் தெருக்கள் இருக்கின்றன. பாரிஸின் லா ஷப்பேலிலும் கனடாவின் ஸ்கார்பரோவிலும் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். அதே போருக்குத் தப்பி தருமபுரிக்கு வந்தவர்களின் தெருவுக்கு மட்டும் அப்படி நினைத்தவுடன் சாப்பிடப் போய்விட முடியாது. அது முகாம். வெளியாட்கள் நுழைய அனுமதி வேண்டும்.

உள்ளே சமைப்பது என்ன? இடியப்பம், புட்டு, சம்பல், சொதி. ‘இதெல்லாம் நம்ம வீட்லயும் உண்டே’ என்பீர்கள். பெயர்தான் ஒன்று, பக்குவம் வேறு. யாழ்ப்பாணப் பக்குவத்தில் அரிசி மாவை வறுத்த பிறகே இடியப்பம் பிழிவார்கள். அதுவும் சிவப்புப் பச்சரிசி மா. அங்கே ‘தூள்’ என்றால் வெறும் மிளகாய்த்தூள் அல்ல. மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கருகும் எல்லை வரை வறுத்து இடித்த கலவை அது. மீன் குழம்போ கத்திரிக்காய்க் குழம்போ, அந்த வாசனை இல்லாமல் நகராது. சோம்பை ‘பெருஞ்சீரகம்’ என்பார்கள், ரொட்டியை ‘பாண்’ என்பார்கள், டீயை ‘தேத்தண்ணி’ என்பார்கள். பேசுவது கிடையாது, கதைப்பதுதான்.

தருமபுரிக்கு வந்ததும் இந்தச் சமையலும் கொஞ்சம் மாறத்தான் வேண்டியிருந்தது. ரேஷன் அரிசியை மாவாக்கினால் புட்டு வெளுத்துவிடும். சுறாவுக்கும் நண்டுக்கும் பதிலாக அணையில் பிடித்த ஜிலேபி மீன்தான். பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல் மா இல்லாமல் ஒடியல் கூழ் ஏது? அதற்கு மாற்றாக எந்தச் சரக்கும் இங்கே கிடையாது. கேழ்வரகுக் கூழ் நல்ல கூழ்தான், ஆனால் அது வேறு கூழ்.

இன்னொரு சிக்கல் தேங்காய். சம்பலுக்கும் தேங்காய், சொதிக்கும் தேங்காய், புட்டுக்கும் தேங்காய். முகாம் குடும்பங்களுக்கு மாதந்தோறும் அரசு தரும் உதவித்தொகை 2021-ல்தான் உயர்ந்தது. குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, குழந்தைகளுக்கு 500. அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள் என்றால் மொத்தம் 3,500 ரூபாய். பெயின்டிங் வேலைக்கும் கூலி வேலைக்கும் போனால்தான் தினமும் ஒரு தேங்காய் உடைக்க முடியும்.

அதே 2021 ஆகஸ்ட்டில், ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழக அரசு மாற்றியது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அறிவித்தது. பெயரும் கூரையும் மாறலாம். குடியுரிமை மாநில அரசின் கையில் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. முகாமில் பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்து, கல்லூரி முடித்த பிள்ளைகளுக்கும் இதே கதைதான். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண் நீதிமன்றம் வரை போய், 2022-ல் பாஸ்போர்ட்டுக்கான உத்தரவு பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு மட்டுமே பிறப்பால் தானாகக் குடியுரிமை என்பதால்தான் அவருக்கு அது சாத்தியமானது. அதற்குப் பிறகு பிறந்தவர்களே முகாம்களில் அதிகம்.

முகாம்களில் மலையகத் தமிழர்களும் உண்டு. இவர்களின் முன்னோர் நம்மூர்களிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவர்கள். கொள்ளுத்தாத்தா தமிழ்நாட்டிலிருந்து போனார், கொள்ளுப்பேரன் தமிழ்நாட்டுக்கே வந்து வெளிநாட்டவர் என்று கையெழுத்துப் போடுகிறார். இதை எப்படிச் சொன்னாலும் புரியவைப்பது கஷ்டம்.

சரி, அனுமதி இல்லாமலே ருசி பார்க்க ஒரு வழி இருக்கிறது. தேங்காயைத் துருவி முதல் பாலைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டாம் பாலில் நறுக்கிய சின்ன வெங்காயம், கீறிய பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கால் ஸ்பூன் வெந்தயம், மஞ்சள்தூள், உப்பு போட்டு வேகவிடுங்கள். வெங்காயம் வெந்ததும் தீயைக் குறைத்து முதல் பாலை ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சைச் சாறு கடைசியில், அதுவும் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு.

இடியப்பத்தின் மேல் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள். களிக்கும் ஊற்றிப் பார்க்கலாம், தருமபுரிக்காரர்கள் கோபிக்காவிட்டால்.