ஒரே வீடு, மூன்று மாவட்டம்

போன வாரம் தியாகதுருகத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். காபி வருவதற்கு முன்னாலேயே செல்போன் கைக்கு வந்துவிட்டது.

"நீ கொஞ்சம் பாரும்மா. நாலு தடவை எல்லாத்தையும் போட்டேன். நாலு தடவையும் அழிஞ்சு போச்சு."

தங்கையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம். மறுநாள் கடைசி தேதி. எந்த இணையதளம் என்பது இங்கே வேண்டாம். இந்தக் கதை பல தளங்களுக்கும் பொருந்தும்.

முதல் கட்டத்திலேயே 'லாஸ்ட் நேம்' கேட்டது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம், அதாவது நிரப்பாமல் நகர முடியாது. நம் வீடுகளில் ஏது லாஸ்ட் நேம்? இன்ஷியல்தானே உண்டு! சித்தி ஒரு முறை இன்ஷியலைப் போட்டிருக்கிறார், இன்னொரு முறை சித்தப்பா பெயரை. இரண்டுக்கும் 'தவறான தகவல்' என்றே வந்திருக்கிறது. எது தவறு என்று சொல்லவில்லை.

அடுத்தது சாதிச் சான்றிதழ் வழங்கிய மாவட்டம். இங்கேதான் வேடிக்கை. சித்தி பிறந்தபோது தியாகதுருகம் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993 செப்டம்பர் 30-ல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. யாரும் வீடு மாறவில்லை. மாவட்டம்தான் இரண்டு முறை மாறியது.

தங்கையின் பழைய சான்றிதழில் விழுப்புரம் மாவட்டம், கள்ளக்குறிச்சி வட்டம் என்று இருக்கிறது. தளத்தில் விழுப்புரத்தைத் தேர்வு செய்தால், வட்டங்களின் பட்டியலில் கள்ளக்குறிச்சி இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தைத் தேர்வு செய்தால், சான்றிதழோடு பொருந்தவில்லை. 'பழைய சான்றிதழ் என்றால் இன்றைய மாவட்டத்தைப் போடுங்கள்' என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் போதும்.

ஊர்ப் பெயர் பட்டியல் ஆங்கிலத்தில். தியாகதுருகத்துக்கு 'டி'க்குப் பிறகு 'எச்' உண்டா இல்லையா, அதற்குப் பிறகு 'ஐ'யா 'ஒய்'யா? பேருந்துப் பலகையில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கண் வலிக்கிறது.

கடைசியில்தான் 'அழிஞ்சு போச்சு' மர்மம் விளங்கியது. அடியில் இரண்டு பட்டன், ஒரே நிறம், ஒரே அளவு, ஒட்டி ஒட்டி. ஒன்று 'சப்மிட்', மற்றது 'ரீசெட்'. சின்னத் திரையில் கட்டைவிரல் பக்கத்துப் பட்டனில் பட்டுவிட்டது. 'நிச்சயமாக அழிக்கவா?' என்றுகூடக் கேட்காமல் அத்தனையும் போய்விட்டது.

"எனக்குப் படிப்பு பத்தலம்மா" என்றார் சித்தி. மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பல வருடமாக ஒரு ரூபாய் பிசகாமல் எழுதுபவர் அவர். எனக்கு அந்த வார்த்தைதான் சுருக்கென்றது. தப்பு பக்கத்தின் மேல். பழியைச் சுமப்பது சித்தி.

இதற்கெல்லாம் விதிகள் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. உலக அளவிலான அணுகல் நெறிகள், 2023-ல் வந்த பதிப்பில், தொடும் பட்டனுக்குக் குறைந்தபட்ச அளவையே வரையறுத்திருக்கின்றன. பிரிட்டன் அரசுத் தளத்தில் படிவம் என்றால் பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு கேள்விதான். 2025 ஏப்ரல் 30-ல் நம் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையின் பகுதியே என்று தீர்ப்பளித்தது. மாற்றுத் திறனாளிகள் தொடுத்த வழக்கு அது, பலன் எல்லோருக்கும்தான்.

உங்கள் வீட்டில் யாராவது இணையதளம் வடிவமைக்கிறார்களா? பள்ளிக்கோ, சொந்தக் கடைக்கோ, வேலை பார்க்கும் நிறுவனத்துக்கோ எதுவானாலும் சரி, இவற்றைச் சொல்லுங்கள்:

* பெயருக்கு ஒரே கட்டம் போதும்: 'ஆதாரில் உள்ளபடி முழுப் பெயர்'.

* பின்கோடை முதலில் கேட்டால் ஊர்ப் பட்டியல் சுருங்கிவிடும்.

* தவறு என்றால் எது தவறு, எப்படித் திருத்துவது என்று தமிழில் சொல்ல வேண்டும்.

* 'ரீசெட்' பட்டன் தேவையே இல்லை.

* எழுத எழுதத் தானாகச் சேமிக்க வேண்டும். கல்வராயன் மலை கிராமத்தில் சிக்னல் போய் வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடர முடிய வேண்டும்.

கடைசியாக ஒரு சோதனை. வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000-லேயே சொன்னார்: ஐந்து பேரைப் பயன்படுத்தச் சொல்லிப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும். அந்த ஐந்து பேரில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கட்டும். போனைக் கையில் கொடுத்துவிட்டு, 'அங்கே தொடும்மா' என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே திருத்துங்கள்.

தங்கையின் விண்ணப்பம் அன்று இரவு பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தது. கடைசிப் பட்டனைச் சித்தியையே அழுத்தச் சொன்னேன். அழுத்துவதற்கு முன் இரண்டு முறை கேட்டார்: "இதுதானேம்மா? அழிஞ்சிடாதே?"