‘வெறும் கேஸ்தான்’ என்னும் தீர்ப்பு

நெஞ்சு படபடக்கிறது, வயிறு உப்புகிறது, காரணமில்லாமல் பயமாக இருக்கிறது என்று ஒரே மூச்சில் சொல்லும் ஒருவருக்கு நம் ஊர்களில் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வெறும் கேஸ்தான், ஒன்றுமில்லை.’ மருந்துக்கடைக்காரர் சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்கிறார். வெளியே நீளும் வரிசையை ஒரு கண்ணால் பார்த்தபடி மருத்துவரும் சொல்கிறார். அது கேஸாகவே இருக்கலாம். நம் சண்டை அந்த முடிவோடு அல்ல. சோதித்துப் பார்க்காமலேயே அதை எட்டிவிடுகிற அவசரத்தோடும், ‘வெறும்’ என்ற அந்த அடைமொழியோடும்தான் நம் சண்டை.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இது முதலில் சொற்களைப் பற்றிய வழக்கு என்பதே நம் பதில். ‘படபடப்பு’ என்று தமிழில் சொன்னால் அது இதயம் தறிகெட்டு அடிப்பதையும் குறிக்கும், மனம் பதறுவதையும் குறிக்கும். ‘நெஞ்செரிச்சல்’ என்கிறோம், எரிவது உணவுக்குழாய். பயத்தைச் சொல்ல வேண்டுமானால் வயிற்றில் புளியைக் கரைக்கிறோம். நெஞ்சு, வயிறு, மனம் மூன்றுக்கும் நடுவே நம் மொழி சுவர் எழுப்பவில்லை. அது மொழியின் குறை அல்ல. உடலை உள்ளிருந்து அறிந்தவர்களின் சாட்சியம்.

மருத்துவமும் இதை அறியாததல்ல. அமெரிக்க உள்நாட்டுப் போரின் சிப்பாய்களைப் பரிசோதித்த ஜேக்கப் ட காஸ்டா, படபடப்பும் நெஞ்சுவலியும் செரிமானக் கோளாறும் சேர்ந்து வரும் ஒரு நிலையை 1871இல் விவரித்தார். வயிறு உப்பி உதரவிதானத்தை மேலே தள்ளும்போது இதயத்தில் தோன்றும் தொந்தரவுகளைப் பற்றி ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் ரோம்ஹெல்ட் 1912இல் எழுதினார். மூளைத்தண்டிலிருந்து புறப்பட்டு இதயத்தையும் இரைப்பையையும் குடலையும் தொட்டுச் செல்லும் நரம்புக்கு வேகஸ் என்று பெயர். இலத்தீனில் ‘அலைந்து திரிவது’ என்று பொருள். வயிறு முட்ட உண்ட பிறகு சிலருக்குத் துடிப்பு தடுமாறுவதற்கும், அஞ்சும்போது குடல் கலங்குவதற்கும் இந்த நாடோடி நரம்புக்குத் தொடர்பு உண்டு. ஆக, மூன்றும் பின்னிக் கிடக்கின்றன என்பதில் சர்ச்சை இல்லை. அந்தப் பின்னலைக் காட்டி நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதா, அல்லது அதைக் காரணமாகக் கொண்டு மூன்றையும் சோதிப்பதா என்பதே கேள்வி.

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் காரிமங்கலத்தை எடுத்துக்கொள்வோம். செவ்வாய்க்கிழமைச் சந்தையில் ஒருவருக்குத் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்கிறது. யாரோ ஒரு சோடாவை உடைத்துக் கொடுக்கிறார்கள். சில்லென்று விழுங்குகிறார், முக்கி ஏப்பம் விடுகிறார். படபடப்பு சட்டென நின்றுவிடுகிறது. ‘பார்த்தாயா, கேஸ்தான்!’ என்று தீர்ப்பு எழுதப்படுகிறது.

இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். இதயத்தின் மேலறைகளைச் சார்ந்து எழும் ஒருவகை மிகைத்துடிப்பு, விசையைத் தட்டியதுபோலத் திடீரென்று தொடங்கும். அப்படியே திடீரென்று நிற்கும். அது நடக்கையில் நிமிடத்துக்கு 150 முதல் 220 வரைகூடத் துடிப்புகள் இருக்கலாம். குளிர்ந்த நீரை விழுங்குவது, மூச்சை அடக்கி முக்குவது, குமட்டுவது ஆகியவை வேகஸ் நரம்பைத் தூண்டி அதை நிறுத்தக்கூடியவை. மருத்துவமனையிலும் முதலில் நோயாளியை முக்கத்தான் சொல்வார்கள். அதாவது, சோடாவால் நின்றது என்பதாலேயே அது கேஸ் ஆகிவிடாது. நின்ற விதமே இதயத்தின் மின்கோளாறுக்குத் தடயமாகவும் இருக்கலாம். அடங்கிய பின் சிலருக்குச் சிறுநீர் ஏராளமாகப் பிரியும். அதுவும் ஒரு தடயம். இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

‘ஈசிஜி எடுத்துப் பார்த்தாயிற்று, நார்மல்’ என்பார்கள். வழக்கமான ஈசிஜி சுமார் 10 விநாடிகளின் பதிவு. ஒரு நாளில் 86,400 விநாடிகள். வந்து போகும் கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் வந்து நிற்க வேண்டுமென்று எதிர்பார்ப்பது, ஆடிக்கொருதரம் அமாவாசைக்கொருதரம் வரும் விருந்தாளியை ஒருமுறை வாசலைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படி ஒருவரே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது. இந்தச் சிக்கலுக்குத்தான் நார்மன் ஹோல்டர் உடலோடு கட்டிக்கொண்டு நடமாடும் பதிவுக்கருவியை உருவாக்கினார். 1961இல் அதைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளிவந்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதைக் கட்டிப் பார்க்க வேண்டுமென்று யாரும் சொல்லாததால், ‘கேஸ்’ மாத்திரையோடு ஆண்டுகளைக் கழிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். தருமபுரியில் 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. கிருஷ்ணகிரியில் 2022இல் வந்தது. தூரம் குறைந்திருக்கிறது. சந்தேகப்படும் பழக்கம்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பெண்ணாக இருந்தால் தீர்ப்பு இன்னும் விரைவாக வரும்: ‘பயம், டென்ஷன், வீட்டில் ஏதாவது பிரச்சினையா?’ இது நம் ஊர்க் குறை மட்டும் அல்ல. இவ்வகை மிகைத்துடிப்பு உறுதிசெய்யப்பட்ட 107 பேரை ஆராய்ந்து அமெரிக்காவில் 1997இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்களில் 67 சதவீதத்தினர் பீதிநோய்க்கான வரையறைக்குள் பொருந்தினர் என்றது. பாதிக்கும் மேற்பட்டோருக்கு முதல் மருத்துவப் பரிசோதனையில் இதயக்கோளாறு பிடிபடவில்லை. பிடிபடாதவர்களுள் பாதிக்கும் மேற்பட்டோரிடம் அது பீதி, பதற்றம், மன அழுத்தம் என்று சொல்லப்பட்டிருந்தது. அப்படிச் சொல்லப்படும் வாய்ப்பு பெண்களுக்கே அதிகமாக இருந்தது. இத்தகைய மிகைத்துடிப்புகளுள் பெரும்பாலானவற்றை, கதீட்டர் வழியே அந்த மின்வழியைச் சுட்டு, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணப்படுத்த முடியும் என்பதை நினைத்தால், ‘டென்ஷன்’ என்ற ஒற்றைச் சொல் எத்தனை ஆண்டுகளை விழுங்கியிருக்கும் என்பது புரியும்.

முதியவர்களின் நிலை இன்னும் கடுமையானது. மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ பலருக்குப் படபடப்பாகவும் அசதியாகவும் மட்டுமே தெரியும். சிலருக்குத் தெரியவே தெரியாது. அது பக்கவாதத்தின் வாய்ப்பை ஏறக்குறைய ஐந்து மடங்காக்குகிறது. தக்கவர்களுக்கு இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து தந்தால் அந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கலாம். இதைச் சந்தேகிக்க முதலில் வேண்டியது எந்திரம் அல்ல, மணிக்கட்டில் வைக்கும் இரண்டு விரல்கள். நாடி பார்ப்பதைக் கலையாகவே வளர்த்த சித்த மருத்துவம் பிறந்த நாட்டில், இன்று நோயாளியின் கையைத் தொடாமலேயே மருந்துச் சீட்டு எழுதப்படுகிறது. இதைவிட முரண் வேறென்ன வேண்டும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லாச் சோதனையும் செய்து, இதயத்தில் ஆபத்தில்லை என்று தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொள்வதும் அடுத்தது தாமதிப்பதும் நலமான இதயத்திலும் நடப்பதே. ஆனால் அதை உணர்ந்தவர் அடுத்த துடிப்புக்காகக் காத்திருக்கத் தொடங்குகிறார். காத்திருப்பு பயமாகிறது, பயம் அட்ரினலினைச் சுரக்கிறது, அட்ரினலின் மேலும் சில துடிப்புகளைப் பிறழச் செய்கிறது. உறக்கம் போகிறது, உணவு இறங்குவதில்லை, பேருந்தில் தனியே ஏற முடிவதில்லை. இவரிடமும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்கிறோம். வாழ்க்கையையே சுருக்கிவிட்ட ஒன்று எப்படி ‘ஒன்றுமில்லை’ ஆகும்? பதற்றம் நோய்தான், அதற்கு உளவியல் சிகிச்சையும் மருந்தும் உண்டு. உடல்நோய்க்கு இணையான கவனிப்பு மனநோய்க்கும் வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. சட்டம் சொன்னதை நம் கூடங்களும் திண்ணைகளும் இன்னும் ஏற்கவில்லை.

மூன்று நோய்க்கு மூன்று மருத்துவர், மூன்று சீட்டு என்பது அடுத்த ஆபத்து. வயிற்றுக்கென்று தந்த சிசாப்ரைடு இதயத் துடிப்பைக் குலைத்தது என்று கண்டு அமெரிக்காவில் 2000இல் விற்பனையை நிறுத்தினார்கள். இந்தியாவில் அது தடைசெய்யப்பட்டது 2011இல்தான். டோம்பெரிடோனை வாந்திக்கும் குமட்டலுக்கும் மட்டும், குறைந்த அளவில், பொதுவாக ஒரு வாரத்துக்கு மிகாமல் தரவேண்டும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இல் வரையறுத்தது, இதயத்தை முன்னிட்டே. இங்கோ அது அமிலக்குறைப்பு மருந்தோடு ஒரே குளிகையில் கலந்து, மாதக்கணக்கில், சீட்டில்லாமலும் கைமாறுகிறது. அமிலக்குறைப்பு மாத்திரைகளை நெடுங்காலம் உண்டால் சிலருக்கு மக்னீசியம் குறைந்து துடிப்பு தடுமாறலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்தது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் சிட்டலோபிராம் பற்றியும் அதே ஆண்டில் எச்சரிக்கை வந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது வேறு விபரீதம். மூன்று சீட்டுகளையும் ஒரே மேசையில் விரித்து ஒருவர் படிக்க வேண்டும் என்பதே நாம் கேட்பது.

‘ஒரு நாளில் நூறு பேரைப் பார்க்கும் மருத்துவர் என்ன செய்வார்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்தது. அப்படி வருகிறவர் வீட்டு முதியவரின் மணிக்கட்டை ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தால் என்ன? 65 வயதைக் கடந்தவர்களுக்கு நாடித் துடிப்பின் ஒழுங்கைச் சோதிக்கச் சொல்கின்றன ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் வழிகாட்டு நெறிகள். 2023இல் வந்த ‘இதயம் காப்போம்’ திட்டம் மாரடைப்புக்கான முதலுதவி மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இறக்கியது. அதே கவனத்தில் ஒரு பங்கு தடுமாறும் துடிப்புக்கும் கிடைக்கட்டும். படபடப்போடு மயக்கமோ, நெஞ்சுவலியோ, மூச்சுத்திணறலோ வந்தால் சோடாவைத் தேடாமல் மருத்துவமனையைத் தேட வேண்டும் என்பது சந்தைக்கடை வரை தெரியட்டும்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் இதயம் ஒன்று காதலில் உருகும், இல்லையேல் உச்சக்காட்சியில் ஒரேயடியாக வெடிக்கும். நடுவே, ஆண்டுக்கணக்கில், தன் துடிப்பைத் தானே எண்ணிக்கொண்டு, சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் அஞ்சி வாழ்கிற மனிதருக்கு அங்கே இடமே இல்லை. ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்ற தொடர் பாடநூலை விட்டு வெளியே வரவில்லை. அந்த வெற்றிடத்தில் ‘கேஸ்’ வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுப்பி அனுப்பும் வேலை மருத்துவர்களுடையது மட்டுமல்ல. அடுத்த முறை நம் வீட்டில் ஒருவர் ‘படபடன்னு வருது’ என்றால், விளக்கம் சொல்வதற்கு முன் அவர் கையைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணுவோம்.