ஜன்னலில் ஒரு மூன்று மில்லிமீட்டர்

மாதிரி ரயில் எஞ்சின் கட்டுகிறேன் என்று சொன்னால் நம் இலக்கிய நண்பர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். ‘ஓ, பொம்மை ரயிலா?’ இரண்டாவது கேள்வி வராது. கொஞ்சம் கோட்பாடு படித்தவராக இருந்தால் ‘காலனிய ஏக்கம்’ என்று ஒரு முத்திரையும் கூடவே விழும். வெள்ளைக்காரன் எஞ்சினை மடியில் வைத்துக் கொஞ்சுகிறானாம்! இது அந்தச் சிரிப்புக்கான பதில். என்னோடு பசையும் பெயிண்டுமாக உட்கார்ந்திருக்கும் சகாக்களுக்கும் இதில் பங்கு உண்டு.

பச்சை மினுங்கும் எக்ஸ்பிரஸ் எஞ்சின்களை இந்தப் பேச்சிலிருந்து ஒதுக்கிவிடலாம். அங்கே ஏக்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் சொல்வது தொழிற்சாலை எஞ்சின்களை. சுரங்கம், கல்குவாரி, இரும்பாலை, துறைமுகம் என்று ஒரு வேலிக்குள்ளேயே ஓடி, அங்கேயே அழுக்காகி, அங்கேயே துருப்பிடித்தவை. லீட்ஸ் நகர ஹன்ஸ்லெட்டும் பிரிஸ்டல் பெக்கெட்டும் கில்மார்னாக் ஆண்ட்ரூ பார்க்ளேயும் செய்து அனுப்பியவை. எந்தப் பயணியும் இவற்றுக்காக நடைமேடையில் காத்திருந்ததில்லை.

ஹன்ஸ்லெட் ‘ஆஸ்டெரிட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் உலகப்போருக்காக வரைந்த எஞ்சின். 1943 தொடங்கி 1964 வரை மொத்தம் 485 செய்தார்கள். வரைபடம் ஒன்றுதான். ஆனால் சுரங்கத்துக்குப் போனதும் ஒவ்வொன்றும் தனி ஆளாகிவிடும். ஒன்றுக்குக் கீஸ்ல் வகைத் தட்டைப் புகைபோக்கி, இன்னொன்றுக்கு எங்கேயோ கழற்றிய படிக்கட்டு. கடைப் பெட்டியில் வருகிற மாதிரி இதில் எதுவும் இல்லை, அது வெறும் வரைபடம். அதை ஒரு குறிப்பிட்ட சுரங்கத்தின், ஒரு குறிப்பிட்ட வருடத்தின் எஞ்சினாக ஆக்குவதுதான் எங்கள் வேலை.

எப்படி ஆக்குவது? பழைய புகைப்படத்தை வைத்துக்கொண்டு நாள்கணக்காகப் பார்க்க வேண்டும். அச்சில் வார்த்த தடித்த கைப்பிடியைச் சீவி எறிந்துவிட்டு மெல்லிய பித்தளைக் கம்பியை வளைத்து மாட்ட வேண்டும். தண்டவாளத்தை விட்டு இறங்கிய எஞ்சினைத் தூக்கி வைக்க ஒரு ஜாக்கியும் நாலு கட்டையும் ஓரப்பலகையில் இருக்கும், அதை மறக்கக்கூடாது. கொதிகலன்மேல் சேணம்போலக் கவிழ்ந்த தண்ணீர்த் தொட்டி எங்கே ஒழுகும்? ஒழுகிய இடத்தில் சுண்ணாம்புப் படிவு வெள்ளைக் கோடாக இறங்கும். ஓட்டுநர் தினமும் கால் வைக்கும் படியில் பெயிண்ட் தேய்ந்து இரும்பு தெரியும், கால் படாத மூலையில் துரு நிற்கும். இந்த இரண்டையும் மாற்றிப் பூசிவிட்டால் மாதிரி பொய் சொல்கிறது என்று அர்த்தம். இப்போது சொல்லுங்கள், இது கொஞ்சலா? அங்கே ஓர் ஆள் வேலை செய்தான் என்பதற்கு உடம்பின் தடயத்தைத் தேடுகிற காரியம் அய்யா இது.

சரி, இனி என் சகாக்கள்.

வேல்ஸில் பெத்தெஸ்டா என்ற ஊருக்கு மேலே பென்ரின் ஸ்லேட் குவாரி. ஜமைக்காவில் அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய பென்னன்ட் குடும்பத்தின் சொத்து. அங்கிருந்து ஸ்லேட்டைத் துறைமுகத்துக்கு இழுத்த எஞ்சின்களில் மூன்று, ஹன்ஸ்லெட் செய்த சார்ல்ஸ், லிண்டா, பிளாஞ்ச். மூன்றும் பிரபு வீட்டு ஆட்களின் பெயர்கள். லிண்டாவும் பிளாஞ்சும் 1893இல் வந்தவை, பின்னாளில் ஃபெஸ்டினியோக் ரயில்வேக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டன. அழகான எஞ்சின்கள்தான், மாதிரி கட்டுகிறவர்களுக்கு இவற்றின்மேல் தனிப் பித்து.

இந்தப் பாதையின் அகலம் 1 அடி 10¾ அங்குலம். ஓரடிக்கு 4 மில்லிமீட்டர் என்ற எங்கள் அளவில் அது ஏறக்குறைய 7.6 மில்லிமீட்டர் வரவேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். இந்த ஒன்றே கால் சொச்சம் மில்லிமீட்டருக்காக நாங்கள் போடுகிற சண்டை இருக்கிறதே, குடும்பச் சண்டை தோற்றுவிடும்.

அதே குவாரியில் 1900 நவம்பரில் ஏறக்குறைய 2,800 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். தங்கள் சங்கத்தோடு பேசவே மாட்டேன் என்ற முதலாளியை எதிர்த்து மூன்று வருடம். 1901 ஜூனில் குவாரி மறுபடி திறந்தபோது நானூறு பேர்போல உள்ளே போனார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. போகாதவர்கள் வீட்டு ஜன்னலில் ஓர் அட்டை வைத்தார்கள்: ‘இந்த வீட்டில் துரோகி இல்லை.’

நாலு மில்லிமீட்டர் அளவில் அந்த அட்டை எவ்வளவு வரும்? மூன்று மில்லிமீட்டர். வெள்ளைக் காகிதத்தில் ஒரு துணுக்கு, கத்தியால் ஒரு வெட்டு. பெயர்ப்பலகைக்கு ஒரு வாரம் செலவழிக்கிறோம், பிரபு வீட்டுப் பெயரைப் பித்தளையில் பொறித்து விளிம்பைப் பளபளக்கத் தேய்க்கிறோம். ஜன்னலில் அந்தத் துணுக்கை ஒட்ட மட்டும் ‘அரசியல் வேண்டாம்பா’ என்கிறோம். ஆணியின் எண்ணிக்கை தப்பினால் கொந்தளிக்கிறவர்கள், எஞ்சினுக்குள் ஓட்டுநர் இல்லாமலே வண்டி ஓடுவதைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. என்னைக் கேட்டால் 1901 என்று தேதி போட்ட பென்ரின் காட்சியில், அட்டை இல்லாத ஜன்னல்கள் தப்பான புகைபோக்கியைவிடப் பெரிய பிழை.

கோட்பாட்டு நண்பர்கள் இங்கே கைதட்ட வேண்டாம். உங்கள் பக்கம் இன்னும் மோசம். நம் தோட்டக் கதைகளில் பால்மரம் இருக்கும், லயம் இருக்கும், கள்ளுக்கடை இருக்கும், கெட்ட தண்டல் ஒருவர் கட்டாயம் இருப்பார். எல்லாம் பெட்டியில் வந்த மாதிரி! எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டால் பதில் வராது. பேராக்கில் தெலுக் இந்தானுக்குப் பக்கத்தில் ஜெண்டராட்டா தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஆலைக்கு இழுத்துப்போகச் சிறு ரயில் ஓடியது. தண்டவாளம், எஞ்சின், குலை ஏற்றிய வண்டிகள் எல்லாம் நம் ஆட்களின் கண்முன்னால்தான். நான் படித்த கதைகளில் அந்த ரயில் தூரத்தில் கூவிவிட்டுப் போகும், சோகத்துக்குப் பின்னணி இசை மாதிரி. அதில் ஏறி ஒருவரும் வேலை செய்ததில்லை. ‘வலி’, ‘வேர்வை’ என்று நாலு சொல் போட்டால் உழைப்பை எழுதியாகிவிட்டது என்று நினைப்பு. படியில் பெயிண்ட் எங்கே தேயும் என்று தெரியாமல் வேர்வையை எங்கே ஊற்றுவீர்கள்?

அந்த ரயிலைத்தான் அடுத்ததாகக் கட்ட ஆரம்பித்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாள், பித்தளைக் கம்பி, ஒரு பழைய மோட்டார், இவ்வளவுதான் செலவு. முடியாமல் நிற்பது வேறு விஷயங்களில். வண்டிகளைக் கொக்கி போட்டு இணைக்கிற ஆள் எந்தப் பக்கம் நிற்பார்? கையில் என்ன சுற்றியிருப்பார்? மழை பெய்து தண்டவாளம் வழுக்கும்போது மணல் போட்டது யார், எதிலிருந்து அள்ளி? உங்கள் வீட்டில் தோட்டத்து ரயிலில் வேலை பார்த்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அடுத்த கதையை எழுத உட்காரும் முன் இதைக் கேட்டுச் சொல்லுங்கள்.