ஒரு சாறத்துக்குள் எத்தனை பேருடைய வாரம்?

தீபாவளிக்குத் தகப்பனாருக்குச் சாறம் வாங்கப் போனால், கடைக்காரர் ஒன்றை விரித்துக் காட்டி, "இது மருதமுனைக் கைத்தறி" என்பார். விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும். நாமும் தடவிப் பார்த்துவிட்டு வாங்குவோம். அந்தச் சாறத்துக்குள் யாருடைய உழைப்பெல்லாம் இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. இந்த இதழில் அதைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். அந்தக் கதை நம் தோட்டங்களுக்கும் வரப்போகிற கதை.

மருதமுனை, அம்பாறைக் கரையில் கல்முனைக்கு வடக்கே இருக்கும் முஸ்லிம் ஊர். தலைமுறை தலைமுறையாக நெசவு செய்த ஊர். 1977 இல் இறக்குமதித் துணிக்குக் கதவு திறந்தபோது நாடெங்கும் கைத்தறி அடி வாங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்தக் கரையில் உயிர்களும் வீடுகளும் போயின, தறிகளும் போயின. 2022 இல் ரூபாய் விழுந்தபோது நூல் விலை ஏறியது. இத்தனைக்குப் பிறகும் அங்கே சில வீடுகளில் தறிச் சத்தம் கேட்கிறது.

அப்படி ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் ஒரு வாரத்தைக் கழிப்பதைப் பார்ப்போம்.

சுபஹ் பாங்குக்கு முன்பே உம்மா எழும்பிவிடுவார். தேத்தண்ணி, காலைச் சாப்பாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடுப்பு. வாப்பா தொழுதுவிட்டு வந்து தறியில் உட்காருவார். தறியில் குறுக்கே ஓடும் நூலைச் சிறு குச்சிகளில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குச்சி தீர்ந்தால் தறி நிற்கும். அதைச் சுற்றுவது உம்மா. அடுப்பில் சோறு வேகும் நேரத்திலும் சுற்றுவார், கைக்குழந்தை தூங்கும் நேரத்திலும் சுற்றுவார். பள்ளிக்கூடம் விட்டு வந்த மூத்த மகளும் ஒரு கை கொடுப்பாள். பின்னேரம் பிள்ளைகளை மத்ரஸாவுக்கு அனுப்பிவிட்டு மீண்டும் நூல்.

புதிய பாவு போடும் நாளில் இருவர் போதாது. பக்கத்து வீட்டிலிருந்து மாமியும் மச்சானும் வர வேண்டும். கஞ்சி போட்ட நூல் காய வெயில் வேண்டும். கார்த்திகை, மார்கழியில் கிழக்கில் மழை விடாமல் பெய்யும். நூல் காயாத நாளில் நெசவு இல்லை, காசும் இல்லை. ஆனால் அடுப்பு எரியத்தான் வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகத் தறி நிற்கும். வாப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு. உம்மாவுக்கு அன்றுதான் கறி ஒன்று கூட, துவைக்கும் உடுப்பு இரண்டு வாளி கூட. நோன்பு மாதத்தில் பெருநாளைக்குச் சாறம் கேட்டு ஓடர் வரும். அப்போது ஸஹருக்குச் சமைக்க நடுச்சாமத்தில் எழும்பியவர், பகலில் நோன்போடு நூல் சுற்றி, பின்னேரம் நோன்பு திறக்கக் கஞ்சியும் காய்ச்ச வேண்டும்.

வார முடிவில் நெய்த சாறங்களை நூல் கொடுத்த முதலாளியிடம் ஒப்படைத்துக் கணக்குப் பார்ப்பார்கள். இத்தனை சாறம், இத்தனை ரூபாய், அதில் முற்பணம் கழிவு. அந்தக் கணக்கில் ஒரு பெயர்தான் இருக்கும், வாப்பாவின் பெயர். நூல் சுற்றிய கைக்கும், பாவு இழுத்த மாமிக்கும், மகளின் அந்த ஒரு மணித்தியாலத்துக்கும் தனி வரி கிடையாது. எல்லாம் சாறத்தின் விலைக்குள் கரைந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் கரையோர வழக்கப்படி கல்யாணத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுக்கப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே தறி நிற்கும் வீடு அவருடையது. தறியில் ஓடும் நூலும் அவர் சுற்றியது. கணக்கில் மட்டும் அவர் இல்லை.

நம் லயத்தில் என்ன நடக்கிறது?

நம் பெண்களின் வாரமும் லேசானதல்ல. விடியுமுன் எழும்பி ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, பெரட்டுக்கு ஓடி, மலை ஏறி, மடுவத்தில் நிறுத்து, இருட்டில் லயத்துக்கு வந்தால் மறுபடி அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஆண்களுக்கு லீவு, பெண்களுக்குப் பீலியடியில் துவைக்கிற நாள். மருதமுனை உம்மாவின் வெள்ளிக்கிழமைதான் நம் அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அதைப் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். நம் பெண்ணுக்குச் செக்ரோலில் தனிப் பெயர் இருக்கிறது. 1984 முதல் தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம். சட்டப்படி நிர்வாகம் அவருடைய பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்ட வேண்டும். பிள்ளை பிறந்தால் 84 நாள் பிரசவ லீவு. 2018 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாவது பிள்ளைக்கும் அதே 84 நாள்தான். மலையில் குளவி கொட்டினால் பொறுப்புச் சொல்ல ஒரு நிர்வாகம் இருக்கிறது. சொல்லாவிட்டால் கேட்க நாம் இருக்கிறோம்.

இந்தப் பெயரைத்தான் இப்போது அழிக்கப் பார்க்கிறார்கள்.

2021 இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. நாம் கூடுதலாகக் கேட்கும்போதெல்லாம் கம்பனிகள் சொல்லும் பதில், நாட்சம்பளமே வேண்டாம் என்பது. ஒரு குடும்பத்துக்கு இத்தனை தேயிலைச் செடி பிரித்துத் தருகிறோம், நீங்களே பராமரித்துக் கொழுந்தைத் தாருங்கள், கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்கிறார்கள். இதற்கு ‘அவுட்குரோவர்’ முறை, வருமானப் பங்கீடு என்று பல பெயர். தொழிலாளி முதலாளியாகிறான் என்று விளம்பரம் வேறு.

அப்படிப் பிரித்துக் கொடுத்த மறுநாள் என்ன நடக்கும் என்று மருதமுனை வீட்டைப் பார்த்தால் தெரியும். புல் வெட்டுவது, பசளை போடுவது, கவ்வாத்து எல்லாம் குடும்பத்தின் தலையில். மகன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பசளை தூக்குவான். பாட்டி கொழுந்து பொறுக்குவார். கிலோ கணக்கில் எழுதப்படுவது ஒரு பெயர். அது பெரும்பாலும் வீட்டு ஆணின் பெயராகவே இருக்கும். பெண்ணின் சேமலாப நிதி, பிரசவ லீவு, குளவிக் கொட்டுக்கு நட்டஈடு எல்லாம் கொழுந்தின் விலைக்குள் கரைந்துவிடும்.

வீட்டு வேலையில் சுதந்திரம் உண்டு என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நெசவாளி தறியை நிறுத்தலாம், யாரிடமும் லீவு கேட்க வேண்டாம். ஆனால் நிறுத்திய நேரத்துக்குக் காசு இல்லை. மழைக்குக் காசு இல்லை. சில குடும்பங்கள் கூடுதலாக உழைத்துக் கூடுதலாகச் சம்பாதிக்கவும் கூடும். யாருடைய தூக்கத்தை எடுத்து அந்தக் கூடுதல் வருகிறது என்பதுதான் நம் கேள்வி.

வீட்டிலிருந்து உழைப்பவர்களும் தொழிலாளர்தான் என்று 1996 இல் சர்வதேச தொழிலாளர் தாபனம் 177 ஆம் இலக்கச் சமவாயத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்கான போராட்டத்தில் முன்னால் நின்றது, 1972 இல் அகமதாபாத்தில் இலா பட் தொடங்கிய சேவா சங்கம். பீடி சுற்றும், துணி தைக்கும் பெண்களின் சங்கம் அது. இலங்கை அந்தச் சமவாயத்தை இன்னும் ஏற்கவில்லை. ஆகவே நெசவாளர்களின் கோரிக்கையும் நம் கோரிக்கையும் ஒரே பாதையில்தான் போகின்றன.

நாம் கேட்பது

ஒன்று: நாட்சம்பளத்தை ஒழிக்கும் எந்த முறைக்கும் சங்கத்தோடு பேசாமல் தனித்தனிக் குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கக் கூடாது. எந்தத் தாளிலும் தனியாகக் கையெழுத்து வைக்காதீர்கள்.

இரண்டு: எந்த ஒப்பந்தமாக இருந்தாலும் கணவன், மனைவி இருவர் பெயரும் இருக்க வேண்டும். இருவருக்கும் சேமலாப நிதியும் நம்பிக்கை நிதியும் தொடர வேண்டும்.

மூன்று: சமவாயம் 177 ஐ அரசாங்கம் ஏற்க வேண்டும். மருதமுனையில் நூல் சுற்றும் உம்மாவின் பெயரும் கணக்கில் வர வேண்டும்.

நான்காவது கோரிக்கை கம்பனியிடமல்ல, நம்மிடமே. மனைவியின் உழைப்பைக் கம்பனி கணக்கில் எடுக்கவில்லை என்று பேசும் நாம், வீட்டில் அதை எடுக்கிறோமா? அவருடைய சம்பளத்தை நாம் போய் வாங்கிக்கொண்டு வருகிறோமா? ஞாயிற்றுக்கிழமை துணி வாளியை ஒரு தடவையாவது தூக்கியிருக்கிறோமா? அந்தி அடுப்பு எரியும் நேரத்தில் கமிட்டிக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்கள் வரவில்லை என்று குறை சொல்வதும் நாம்தான்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்போம். ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒரு குடும்பம் தன் ஒரு வார வேலையை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். யார் எத்தனை மணிக்கு எழும்பினார்கள், யார் என்ன செய்தார்கள், எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று எழுதினால் போதும். கிலோ விலை பற்றிப் பேசக் கம்பனி கூப்பிடும் நாளில், அந்தத் தாள்களோடு மேசைக்குப் போவோம்.