உப்புக்காற்றுக்கும் ஒரு நிதி

கன்னியாகுமரிக் கடற்பாறையில் 133 அடி உயரத்தில் நிற்கும் வள்ளுவர் சிலை ஒரே கல்லில் ஆனதல்ல. கரையில் செதுக்கிய கருங்கற்களைக் கடல்வழியே கொண்டுபோய், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். 38 அடிப் பீடம், 95 அடிச் சிலை. கணபதி ஸ்தபதியின் வடிவமைப்பு. திறப்பு 2000 ஜனவரி 1. 2004 சுனாமியையும் அது தாங்கி நின்றது.

அலையைவிட உப்புக்காற்றே கொடிய பகை.

அதனால்தான் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சாரம் கட்டிக் கல்லைக் கழுவுகிறார்கள். இணைப்புகளை அடைத்து, காகிதக் கூழ் பூசி உப்பை உறிஞ்சி எடுத்து, ரசாயனம் பூசுகிறார்கள். உயிரைப் பணயம் வைக்கும் வேலை, பெருஞ்செலவும்கூட. ஆனால் புதிதாகப் பெருஞ்சிலை கேட்பவர்கள் உயரத்தை மட்டுமே பேசுகிறார்கள். பராமரிப்பு நிதியை முதல்நாளே ஒதுக்காத எந்தச் சிலைக்கும் அரசு அனுமதி தரக்கூடாது.