சென்னைப் பெருநகரை ஆள்வது யார்?

சிட்லபாக்கம் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது அந்த உபரிநீர் செம்பாக்கம் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் பரவுகிறது. சதுப்புநிலம் நிறைந்ததும் ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே முட்டுக்காட்டில் கடலைச் சேர்கிறது. ஒரே பகல் வேளையில் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால், சிட்லபாக்கமும் செம்பாக்கமும் தாம்பரம் மாநகராட்சியில் இருக்கின்றன. நன்மங்கலம் ஊராட்சியாக இருந்துவந்த பகுதி. கீழ்க்கட்டளை மறுபடியும் தாம்பரம் மாநகராட்சி. நாராயணபுரம் சென்னை மாநகராட்சி. சதுப்புநிலத்தின் ஒரு பகுதி வனத் துறையிடம் இருக்கிறது. அதன் குறுக்கே ஓடும் துரைப்பாக்கம்-பல்லாவரம் ரேடியல் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது. மடுவும் கால்வாயும் நீர்வளத் துறையின் பொறுப்பு. இவை அனைத்தையும் ஒருசேரப் பார்த்து, ‘இந்த இடத்தில் தண்ணீர் ஏன் நின்றது?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் அமைப்பு இந்தப் பெருநகரத்தில் இல்லை.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையின்போதும் மழைநீர் வடிகால் பணிகளுக்கு எத்தனை கோடி செலவானது என்று விவாதிக்கிறோம். அது அவசியமான விவாதம்தான். அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று எழுப்பப்படாமலேயே ஆண்டுகள் கடக்கின்றன. சென்னை என்று நாம் சொல்லும் இந்தப் பெரும்பரப்பின் நில அமைப்புக்கும், அதை ஆளும் அமைப்புகளுக்கும் ஏதாவது பொருத்தம் இருக்கிறதா?

சென்னை தட்டையான கடலோரச் சமவெளி. வடக்கே கொசஸ்தலையாறு எண்ணூர் முகத்துவாரத்திலும், நடுவே கூவமும் அடையாறும், தெற்கே கோவளம் வடிநிலத்தின் நீர் முட்டுக்காட்டிலும் கடலில் கலக்கின்றன. இந்த ஆறுகள் எதுவும் நகருக்குள் பிறப்பதில்லை. மேற்கே இராணிப்பேட்டை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பெய்யும் மழை, ஏரிச் சங்கிலிகள் வழியாகக் கிழக்கே வருகிறது. பழைய செங்கல்பட்டு ஏரி மாவட்டம் என்றே அழைக்கப்பட்டது. ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து வழிவது அடுத்த ஏரிக்கு வரத்து. அதனால், மேலேயிருக்கும் ஊர் தன் கால்வாயை அடைத்தால் கீழேயிருக்கும் ஊர் கோடையில் காயும். அல்லது மேல் ஊரே மழையில் மூழ்கும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் கொண்டுவந்த நகரமும், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டபோது அடையாற்றில் மூழ்கிய நகரமும் ஒன்றேதான்.

இந்த நிலத்தை ஆண்ட அமைப்பின் வரலாறு நீண்டது. 1688-ல் தொடங்கப்பட்ட சென்னை மாநகராட்சி இந்தியாவின் மிகப் பழமையான மாநகராட்சி. 1920-ல், பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் குழந்தைகளுக்கு மதிய உணவு வழங்கிய அமைப்பு அது. தமிழகம் பின்னாளில் பெருமைகொண்ட ஒரு திட்டத்தின் முதல் வித்து, மாநில அரசின் உத்தரவால் அல்ல, ஒரு நகரமன்றத்தின் தீர்மானத்தால் விழுந்தது. தன் மக்களைப் பக்கத்திலிருந்து பார்க்கும் மன்றத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு எனக்கு இதைவிடச் சிறந்த சான்று தெரியவில்லை.

அந்த மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996-ல்தான் நடந்தது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் என்ன நடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். 1974-ல் பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதாவது இன்றைய சி.எம்.டி.ஏ., சட்டபூர்வ அமைப்பானது. நகரின் எதிர்காலத்தைத் திட்டமிடும் வேலை அதனிடம் போனது. 1978-ல் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் உருவாக்கப்பட்டது. அதுவரை மாநகராட்சியிடம் இருந்த குடிநீரும் கழிவுநீரும் ‘மெட்ரோ வாட்டர்’ வசம் சென்றன. குடிசை மாற்று வாரியமும் நகரப் பேருந்துக்கான கழகமும் ஏற்கெனவே மாநில அரசின் அமைப்புகளாக நிறுவப்பட்டிருந்தன. எதிர்த்துக் கேட்க ஒரு மேயரும் மாமன்றமும் இல்லாத காலத்தில் நகர நிர்வாகத்தின் முதன்மையான பணிகள் வாரியங்களாகவும் குழுமங்களாகவும் பிரிந்து நின்றன. அந்த அமைப்புகளில் திறமையான பொறியாளர்கள் பணியாற்றினார்கள். நல்ல வேலைகளும் நடந்தன. ஆனால், 1996-ல் மாமன்றம் திரும்பி வந்தபோது அதன் கையில் எஞ்சியிருந்தவை தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலைகள், பூங்கா, மழைநீர் வடிகால், பள்ளிகள், சுகாதார நிலையங்கள். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஒரு தெருவில் மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. அதற்குப் பக்கத்திலேயே புதைந்திருக்கும் கழிவுநீர்க் குழாய் வாரியத்துடையது. இரண்டும் கலக்கும் இடத்தில் குடியிருப்பவர், கவுன்சிலரிடம் போனால் வாரிய அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள்.

2011-ல் மாநகராட்சியின் எல்லை சுமார் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. அம்பத்தூர், திருவொற்றியூர், ஆலந்தூர், மதுரவாயல் உள்ளிட்ட 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் இணைக்கப்பட்டன. மொத்தம் 200 வார்டுகளில் பழைய நகரத்துக்கு 107, புதிய பகுதிகளுக்கு 93. தனித்தனி மன்றங்களும் தலைவர்களும் இருந்த 42 ஊர்களுக்கும் சேர்த்து 93 பேர்! 2011 மக்கள்தொகைக் கணக்கின்படியே, ஒரு கவுன்சிலர் சராசரியாக 30,000 பேருக்கு மேல் பிரதிநிதி. இணைப்பால் சாலையும் குடிநீர்க் குழாயும் வந்த இடங்கள் உண்டு. ஆனால், ஊருக்குள் நடந்து போனால் தலைவரைப் பார்த்துவிடலாம் என்ற நிலை போய்விட்டது.

எல்லைக்கோடு ஏழைகளை என்ன செய்தது என்பதற்குப் பெருங்குடியும் கண்ணகி நகரும் சாட்சி. கொடுங்கையூருக்கு அடுத்தபடியாகச் சென்னையின் பெரிய குப்பைக் கிடங்கு பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் மேல் அமைந்தது. அன்று பெருங்குடி சென்னை மாநகராட்சியில் இல்லை, தனிப் பேரூராட்சி. மாநகரம் தன் கழிவைத் தன் வாக்காளர்கள் அல்லாதவர்களின் வாசலில் கொட்டியது. எரியும் குப்பையின் புகையைச் சுவாசித்த மக்களுக்கு, அந்தக் குப்பையை அனுப்பிய மாமன்றத்தில் ஒரு வாக்குகூட இல்லை. 2022-ல் அதே சதுப்புநிலம் ராம்சர் பட்டியலில் சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமாக இடம்பெற்றது. அதற்குள் அதன் பழைய பரப்பில் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் குப்பைக்கும் போயிருந்தது.

குப்பைக்கு நேர்ந்ததே மனிதர்களுக்கும் நேர்ந்தது. கூவம், அடையாறு கரைகளில் பல தலைமுறைகளாக வாழ்ந்து, நகரத்தின் வீட்டு வேலையும் சுமை வேலையும் செய்த குடும்பங்கள் அப்போது மாநகர எல்லைக்கு வெளியே இருந்த கண்ணகி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. 2011-ல் அந்தப் பகுதி மாநகராட்சிக்குள் வந்தது. அடுத்த மறுகுடியமர்வு இன்னும் தெற்கே நகர்ந்தது. பெரும்பாக்கத்தில், ஊராட்சி எல்லைக்குள், எட்டு மாடிக் கட்டடங்கள் வரிசை வரிசையாக எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்கே குடியேற்றப்பட்டன. ஒரு நகரின் அளவுக்கு மக்கள் வந்து சேர்ந்த இடத்தில் உள்ளாட்சியாக இருந்தது ஒரு கிராம ஊராட்சி. அந்த ஊராட்சிக்கும் 2016 முதல் 2021 அக்டோபர் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் கிடையாது. உள்ளாட்சித் தேர்தல் நடக்காததால் தனி அலுவலர் ஆட்சி. நகரத்துக்கு உழைத்தவர்களை நகரத்தின் வாக்காளர் பட்டியலிலிருந்தே வெளியேற்றிய செயல் இது. இதை யாரும் திட்டமிட்டுச் செய்திருக்கத் தேவையில்லை. நிலம் மலிவாகக் கிடைக்கும் இடமும் எல்லைக்கோட்டின் மறுபுறமும் ஒன்றாக இருந்தால் போதும்.

அடையாற்றின் மேற்பகுதியிலும் இதே கதைதான். முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கிறது. அதை ஒட்டிய வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். சற்றுக் கிழக்கே இருக்கும் மேற்குத் தாம்பரம், தாம்பரம் மாநகராட்சியில். 2015-ல் இவற்றின் தெருக்களில் படகு ஓடியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர் பகுதியில் தண்ணீர் சூழ்ந்தது. இரண்டு ஆட்சியர்கள், ஒரு மாநகராட்சி ஆணையர், ஊராட்சி ஒன்றியங்கள், நீர்வளத் துறை என்று ஒரே வெள்ளத்துக்கு இத்தனை அலுவலகங்கள்.

‘அப்படியானால் எல்லாவற்றையும் சென்னை மாநகராட்சியோடு இணைத்துவிடலாமே?’ என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. இணைப்பு அறிவிப்பு வரும்போதெல்லாம் ஊராட்சி மக்கள் எதிர்க்கிறார்கள். கிராமங்களுக்கு மட்டுமான வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரி உயரும், கிராம சபை இருக்காது என்பவை அவர்களின் அச்சம். மூன்றும் நியாயமானவை. இன்னொரு காரணமும் உண்டு. சி.எம்.டி.ஏ.வின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டராக இருந்து, 2022 அக்டோபரில் 5,904 ஆக விரிவாக்கப்பட்டது. அரக்கோணம் வரை நீளும் அந்தப் பரப்பை ஒரே மாநகராட்சி ஆள்வது சாத்தியமும் இல்லை, நல்லதும் இல்லை. தெருவிளக்குக்கும் அங்கன்வாடிக்கும் மக்களுக்குப் பக்கத்தில் ஓர் உள்ளாட்சி வேண்டும். ஆற்றுக்கும் குடிநீருக்கும் பேருந்துக்கும் குப்பைக்கும் பெருநகர அளவில் ஒரு மன்றம் வேண்டும். இரண்டு அடுக்குகளும் தேர்ந்தெடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

இதற்குப் புதிய சட்டத் தத்துவம் எதையும் தேட வேண்டியதில்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசமைப்புத் திருத்தம், 10 லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை கொண்ட பெருநகரப் பகுதி ஒவ்வொன்றுக்கும் பெருநகரத் திட்டக் குழு அமைக்கச் சொல்கிறது. 243 இசட்.இ. பிரிவின்படி, அதன் உறுப்பினர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினரை நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். நகராட்சிகளுக்கும் ஊராட்சிகளுக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடம். பெரும்பாக்கத்தின் ஊராட்சித் தலைவரும் சென்னையின் கவுன்சிலரும் ஒரே அவையில் உட்கார்ந்து, குப்பை எங்கே போகும், வீடு எங்கே கட்டப்படும் என்று பேசும் காட்சியை நமது அரசமைப்பு முப்பதாண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்துவிட்டது. ஆனால், சென்னையின் முழுமைத் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை இன்றும் மாநில அரசு நியமிக்கும் சி.எம்.டி.ஏ.விடமே இருக்கிறது. புறநகரான மேடவாக்கத்தில் எழும் அடுக்குமாடிக்கு அனுமதி சி.எம்.டி.ஏ.விடம் கிடைக்கிறது. குடியேறியவர்களின் தண்ணீர் லாரியும் கழிவுநீர் லாரியும் குப்பையும் உள்ளூர் உள்ளாட்சியின் கவலையாகின்றன.

பெங்களூரு அண்மையில் ஒரு மாற்றத்தை முயன்றது. 2025-ல் இயற்றிய சட்டத்தின்படி ஒற்றை மாநகராட்சி அதே ஆண்டில் ஐந்தாகப் பிரிக்கப்பட்டு, மேலே பெருநகர ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. வடிவம் இரண்டடுக்குதான். ஆனால், மேலடுக்கின் தலைவர் முதலமைச்சர். பெருநகரத்தின் அதிகாரம் மறுபடியும் மாநிலத் தலைமைச் செயலகத்துக்கே போகிறது. லண்டனில் 1986-ல் பெருநகர கவுன்சில் ஒழிக்கப்பட்டு, பரோக்கள் எனப்படும் 32 உள்ளாட்சிகள் தனித்தனியே நின்றன. 2000-ல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரும் பெருநகர அவையும் மீண்டும் வந்தபோது, பரோக்கள் கலைக்கப்படவில்லை. போக்குவரத்தும் பெருநகரத் திட்டமும் மேயரிடம் சேர்ந்தன. நாம் கவனிக்க வேண்டியது இதுதான். சென்னையிலோ, பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-ல் சட்டம் இயற்றியும் அதன் முதல் கூட்டம் நடக்க 2022 ஆனது.

பணத்தைப் பற்றிப் பேசாமல் அதிகாரத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. சொத்துவரி கட்டடம் நிற்கும் உள்ளாட்சிக்குப் போகிறது. பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடி அலுவலகங்கள் நிற்கும் வார்டுக்கும், அந்த அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர்கள் வாழும் ஊருக்கும் வரி வருவாயில் பெரும் இடைவெளி இருக்கிறது. பெருநகர மன்றம் வந்தால் அதன் முதல் வேலை, சொத்துவரியிலும் பத்திரப் பதிவின்போது வசூலாகும் கூடுதல் வரியிலும் ஒரு பங்கைப் பொது நிதியாக்கி, குப்பையையும் வெள்ளத்தையும் மறுகுடியமர்வையும் தாங்கும் ஊர்களுக்குத் தருவதாக இருக்க வேண்டும். கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் ஆகிய நான்கு வடிநிலங்களுக்கும் தனித்தனிக் குழுக்கள் அந்த மன்றத்தின் கீழ் இயங்க வேண்டும். ஏரியின் கலங்கலை உயர்த்துவதும் கால்வாயின் மேல் சாலை போடுவதும் அந்தக் குழுவில் மேல் ஊர், கீழ் ஊர்ப் பிரதிநிதிகள் ஒப்பாமல் நடக்கக் கூடாது. மெட்ரோ வாட்டரின் பொறியாளர்கள் அதே வேலையைத் தொடரலாம். வாரியம் பதில் சொல்லும் இடம் மட்டும் பெருநகர மன்றமாக மாற வேண்டும்.

இதற்கான நேரம் இப்போது வாய்த்திருக்கிறது. இரண்டாவது முழுமைத் திட்டத்தின் காலம் 2026-ல் முடிகிறது. அடுத்த 20 ஆண்டுகளுக்கான மூன்றாவது திட்டம், பெருநகரின் நிலப் பயன்பாட்டை, எந்த ஏரிக்கரையில் என்ன எழலாம் என்பதை, 2046 வரை முடிவு செய்யப்போகிறது. 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட சென்னை, தாம்பரம், ஆவடி மாநகராட்சி மன்றங்களின் ஐந்தாண்டுக் காலமும் 2027 தொடக்கத்தில் முடிகிறது. உள்ளாட்சித் தேர்தல்கள் இந்த முறை ஒரு நாள்கூடத் தள்ளிப்போகாமல் நடக்க வேண்டும். அதில் வென்று வருபவர்களைக் கொண்டு பெருநகரத் திட்டக் குழுவை அமைத்து, மூன்றாவது முழுமைத் திட்டத்தின் வரைவை அந்த அவையில் வைத்து, அவர்களின் வாக்கெடுப்புக்குப் பிறகே அரசு ஒப்புதல் வழங்க வேண்டும்.